டேக் கழன்று போகாமல் குத்துவது: டர்பன் கரையில் பழகியவை

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலுள்ள ஓ.ஆர்.ஐ. கடலாய்வு நிறுவனம், மீன்களுக்கு டேக் (எண் அடையாளம்) போடும் திட்டத்தை 1984இல் தொடங்கியது. தூண்டில்காரரே மீனுக்கு எண் குத்தி, அளந்து, விட்டுவிட வேண்டும். அங்குள்ள உம்கேனி ஆற்று முகத்துவாரத்தில் கோப், கிரண்டர் என்ற இரு மீன்களிலும் இந்தப் பருவத்தில் எனக்குக் கை ஓரளவு படிந்திருக்கிறது.

டேக் என்பது எண் அச்சிட்ட மெல்லிய பிளாஸ்டிக் குழல், நுனியில் மறுமுள் (பின்னோக்கி மாட்டும் சிறு முள்). முதுகுத் துடுப்புக்குச் சற்றுக் கீழே, ஊசிமுனை தலைப்பக்கம் பார்க்க, ஏறத்தாழ 45 டிகிரி சாய்வில் குத்த வேண்டும். துடுப்பைத் தாங்கும் எலும்புகளுக்கு இடையே புகுந்து மறுமுள் மாட்டினால்தான் பிடிப்பு. வெறும் சதையில் நின்ற டேக் சில வாரத்தில் கழன்றுவிடும். ஊசியை உருவியபின் லேசாக இழுத்துப் பாருங்கள், வந்துவிட்டால் அது நிற்கவே இல்லை. கிரண்டரின் செதிலில் ஊசி வழுக்கும். ஒரே ஒரு செதிலை எடுத்துவிட்டுக் குத்தினால் நேராக இறங்கும்.

ஊசியில் டேக்கை ஏற்றி, எண்ணை அட்டையில் எழுதிவைத்த பிறகே தூண்டிலை வீசுங்கள். மீன் கையில் துள்ளும்போது பேனாவைத் தேடினால் அது மூச்சுத் திணறும். மறுமுள் இல்லாத வட்டத் தூண்டில் முள், நனைந்த அளவுத் துணி, கண்ணை மூட ஈரத்துணி, இவ்வளவு போதும். உலர்ந்த மணலில் போட்டால் மேலுள்ள வழவழப்பு போய்ப் புண் வரும். செவுளுக்குள் விரல் விடவே கூடாது.

அளவில்தான் அதிகம் சறுக்குகிறது. கோப்புக்கு வால் நுனிவரை முழு நீளம். வால் பிளந்த கேரிக் என்ற மீனுக்கு வாலின் கவட்டுவரை. எந்த அளவு என்று அட்டையில் குறிக்காவிட்டால், அடுத்த முறை பிடிபடும்போது மீன் சுருங்கிப்போனதுபோல் கணக்கு வரும். 'ஏறக்குறைய 60' என்று எழுதுவதற்கு எழுதாமலே இருக்கலாம்.

கோப்பின் அளவுக்கு இத்தனை கெடுபிடி எதற்கு? கரையில் 60 செ.மீ. ஆனாலே வைத்துக்கொள்ளலாம் என்கிறது சட்டம். பெண் கோப்போ 1 மீட்டரைத் தாண்டிய பிறகுதான் சினைக்கு வருகிறது. போதாததற்கு, குஞ்சுப் பருவத்தை ஒரே கழிமுகத்தில் கழிக்கும் மீன் இது. அங்கேயே தூண்டில் போட்டுக்கொண்டிருந்தால் சினைக்கு வருமுன்பே தீர்ந்துவிடும். எங்கே விட்டது, எங்கே மறுபடி கிடைத்தது என்ற அட்டைகள்தான் இதற்குச் சாட்சி.

டேக் உள்ள மீன் கிடைத்தால் பாசியைத் துடைத்து எண்ணைப் படியுங்கள். மீனை விடுவதானால் டேக்கை வெட்ட வேண்டாம்.