குற்றக் கணக்கு எழுதும் வேலை

அமெரிக்காவில் குற்றம் கூடுகிறதா, குறைகிறதா என்று ஊரிலிருந்து யாராவது போனில் கேட்டால் பேச்சை வானிலைக்கு மாற்றிவிடுவேன். அந்தக் கேள்விக்குப் பதில் தயாரிப்பதுதான் சில வருடங்கள் என் பிழைப்பாக இருந்தது. அது தயாராகும் விதத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவனுக்கு அடித்துச் சொல்ல வாய் வருவதில்லை.

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் நடுத்தர அளவில் ஒரு நகராட்சி. பெயர் வேண்டாம். நான் அவர்களுடைய ஊழியன் அல்ல, டெண்டர் எடுத்த கம்பெனியின் ஆள். போலீஸின் ரெக்கார்ட்ஸ் பிரிவிலிருந்து வரும் தகவலைச் சுத்தம் செய்து, பொதுமக்கள் பார்க்கும் வரைபடத்தில் புள்ளிகளாகப் போடுவது எங்கள் மென்பொருளின் வேலை. கொலைக்கு ஒரு புள்ளி, சைக்கிள் திருட்டுக்கும் ஒரு புள்ளி.

முதல் பாடத்தை ரெக்கார்ட்ஸ் பிரிவில் இருந்த ஒரு பெண்மணிதான் நடத்தினார். ஓய்வு வயதை நெருங்கியவர், யாருக்கும் பயப்படாதவர். "இந்த மேஜைக்குக் குற்றம் வருவதில்லை, காகிதம்தான் வருகிறது. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை என்றால் எனக்கு எதுவும் நடக்கவில்லை" என்றார். எஃப்பிஐ 1930 முதல் நாடு முழுக்கக் குற்றக் கணக்கு எடுக்கிறது. பழைய முறைப்படி ஒரே சம்பவத்தில் ஒருவனை அடித்து, மிரட்டி, பணத்தைப் பறித்து, அவன் காரையும் ஓட்டிக்கொண்டு போனால் பட்டியலில் மேலே இருக்கும் குற்றம் ஒன்றுதான் கணக்கில் ஏறும். இதைச் சரிசெய்ய 2021 ஜனவரியில் புது முறைக்கு மாறினார்கள். நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் போன்ற பெரிய போலீஸ் துறைகளே அதற்குத் தயாராகவில்லை. அதனால் அந்த வருட தேசியக் கணக்கில் பாதி மதிப்பீடு, பாதி ஓட்டை. டிவியில் கத்தியவர்கள் யாருக்கும் அதில் சந்தேகம் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

கார் கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியை உடைத்துப் பையைத் தூக்குவதை இங்கே பிப்பிங் என்கிறார்கள். 2017இல் சான் பிரான்சிஸ்கோவில் மட்டும் 31,000க்கு மேல் புகார் பதிவானது. உள்ளூர்க்காரர் பலர் புகார் கொடுப்பதில்லை. இன்சூரன்ஸில் நம் கையிலிருந்து போட வேண்டிய தொகை கண்ணாடி விலையைவிட அதிகமாக இருந்தால் புகார் எழுதி என்ன லாபம்? வாடகைக் கார் எடுத்த சுற்றுலாக்காரருக்கோ புகார் எண் கட்டாயம் தேவைப்படும். ஆகவே எங்கள் வரைபடத்தில் ஹோட்டல் இருக்கும் தெருக்களில் புள்ளி மொய்க்கும், தொழிலாளிகள் குடியிருக்கும் பகுதி துடைத்து வைத்ததுபோல் இருக்கும். அங்கே கண்ணாடி உடையாமல் இல்லை. காலையில் பெருக்கித் தள்ளிவிட்டு, ஜன்னலில் பிளாஸ்டிக் தாளை ஒட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்கள்.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. 2021 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் கடைத் திருட்டுப் புகார்கள் ஒரே மாதத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்காயின. நகரமே கொள்ளை போகிறது என்று கூச்சல். பத்திரிகைக்காரர்கள் தோண்டிப் பார்த்தபோது, டவுன்டவுனில் இருந்த ஒரே ஒரு டார்கெட் கடை புகார் கொடுக்கும் முறையை மாற்றியிருந்தது தெரிந்தது. முன்பு சொல்லாமல் விட்டதை இப்போது சொல்ல ஆரம்பித்திருந்தார்கள், அவ்வளவுதான். அப்படியானால் அதற்கு முந்தைய மாதங்களின் குறைந்த எண்ணிக்கைக்கு என்ன அர்த்தம் என்று இரண்டு தரப்பிலும் யாரும் கேட்கவில்லை.

சரி, எங்கள் நகராட்சிக்கு வருவோம். கூட்டங்களில் நாங்கள் அதிக நேரம் பேசியது இதையெல்லாம் பற்றி அல்ல, நிறத்தைப் பற்றி. குற்றம் அதிகமுள்ள இடங்களைச் சிவப்பில் காட்டியிருந்தோம். சமத்துவக் குழு ஆட்சேபித்தது. சிவப்பு அடித்தால் ஏழைகளும் கறுப்பின மக்களும் வாழும் பகுதிகளுக்குக் களங்கம் என்றார்கள். அந்தப் பேச்சில் நியாயம் இருக்கிறது. 1930களில் மத்திய அரசின் வீட்டுக்கடன் அமைப்பு ஓக்லாந்து உட்படப் பல ஊர்களில் கறுப்பர்கள் வாழ்ந்த பகுதிகளைச் சிவப்பில் குறித்து வரைபடம் போட்டது. அந்தச் சிவப்பின் விளைவு இன்றும் தெருக்களில் தெரிகிறது. ஊதாவுக்கு மாறினோம். வியாபாரிகள் சங்கத்துக்கு ஊதா ரத்தக்கட்டு மாதிரி தெரிந்ததாம். ஆரஞ்சு, பழுப்பு எல்லாம் போய்க் கடைசியில் வெளிர் நீலத்தில் ஒப்பந்தமானது. வளைகுடாத் தண்ணீரும் வெளிர் நீலம். கடற்கரை ஓரத்தில் குற்றம் எங்கே முடிகிறது, கடல் எங்கே தொடங்குகிறது என்று எனக்கே தெரியாது.

இந்த விவாதம் நகர மன்றம்வரை போனபோது, யாருடைய மானத்தைக் காப்பாற்ற நிறம் மாற்றினோமோ அந்தப் பகுதியிலிருந்து ஒரு மூதாட்டி வந்திருந்தார். பொதுமக்கள் பேச ஆளுக்கு இரண்டு நிமிடம் தருவார்கள். "நீங்கள் எந்த நிறம் வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளுங்கள். கூப்பிட்டால் போலீஸ் வர வேண்டும், வந்தவன் என் பேரனைச் சுடாமல் போக வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியுமா?" என்று கேட்டுவிட்டு, மீதி நேரத்தை வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டார். உறுப்பினர்கள் நன்றி சொன்னார்கள். அடுத்த பொருளுக்குப் போனார்கள்.

இந்தப் பக்கத்துச் சின்ன நகராட்சிகளுக்கெல்லாம் சான் பிரான்சிஸ்கோதான் அண்ணன். அங்கே ரிபப்ளிகன் மேயர் ஒருவர் கடைசியாகப் பதவியில் இருந்தது 1964 ஜனவரிவரை. ஆகவே அறுபது வருடமாக எதிர்க்கட்சி மேல் பழி போட வழியில்லை. டெமாக்ரட்டுகளே முற்போக்கு, மிதவாதம் என்று இரண்டாகப் பிரிந்து ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்கிறார்கள்.

அந்த நகரத்தின் வழக்கமான ஒப்பந்தப் படிவத்தை டெண்டர் வேலையில் இருப்பவர்கள் ஒருமுறையாவது படித்திருப்பார்கள். வெப்பமண்டலக் காட்டு மரங்களை வாங்காதீர்கள் என்று ஒரு பிரிவு. வட அயர்லாந்தில் தொழில் செய்தால் அங்கே வேலைவாய்ப்பில் பாரபட்சத்தைக் களையுங்கள் என்று இன்னொரு பிரிவு. மென்பொருள் எழுதுகிறவனுக்கும் இவை பொருந்தும். ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் யாரோ நல்ல மனதோடு போட்டவை. எடுத்துவிடலாம் என்று சொன்னால் மழைக்காட்டுக்கு எதிரி என்று பெயர் வரும். அதனால் எதுவும் சுலபத்தில் வெளியே போவதில்லை, மேலும் மேலும் உள்ளேதான் வருகிறது.

2016இல் அங்கே இன்னொரு விதி வந்தது. ஓரினச் சேர்க்கையாளருக்கு எதிரான சட்டம் போட்ட மாநிலங்களின் கம்பெனிகளோடு நகராட்சி ஒப்பந்தம் செய்யக் கூடாது. பிறகு கருக்கலைப்பு, வாக்குரிமை என்று காரணங்கள் சேர்ந்து பட்டியல் 30 மாநிலங்களைத் தொட்டது. எந்த மாநிலமும் இதற்குப் பயந்து சட்டத்தை மாற்றியதாகச் சொல்லவில்லை. போட்டி குறைந்து செலவு கூடியதுதான் பலன் என்று நகரத்தின் ஆய்வுகளே காட்டின. 2023இல் அதை ரத்து செய்தார்கள்.

இதற்கு நடுவில்தான் அந்தக் கழிப்பறை. 2022 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவின் நோ வேலி சதுக்கத்தில் ஒரே ஒரு பொதுக் கழிப்பறைக்கு 17 லட்சம் டாலர் என்று கணக்கு வெளியானது. 150 சதுர அடி. குழாய் இணைப்பு ஏற்கெனவே தயார். நாடே சிரித்ததும் நெவாடாவைச் சேர்ந்த ஒருவர் ஆயத்தக் கழிப்பறை ஒன்றை இலவசமாகத் தருவதாக முன்வந்தார். நெவாடாவும் அந்த 30இல் ஒன்று. ஒருவழியாக 2024 ஏப்ரலில் திறந்தார்கள். வெளியூர்க்காரருக்கு இது நகைச்சுவை. எனக்கு அந்த 17 லட்சத்தின் ஒவ்வொரு வரியும் பழகிய முகம். வடிவமைப்புக் குழு, கலை ஆணையம், சுற்றுச்சூழல் ஆய்வு, பொதுமக்கள் கருத்துக் கேட்பு, திட்ட மேலாண்மை எல்லாம் நாங்களும் பில் போட்ட தலைப்புகள்தான்.

வாசல்கள் பெருகும் இடத்தில் வாசல்காரனுக்கு மவுசு. வீடு கட்ட அனுமதி வாங்க கலிஃபோர்னியாவிலேயே அதிக காலம் பிடிப்பது சான் பிரான்சிஸ்கோவில் என்று மாநில அரசு 2023இல் கண்டறிந்தது. திட்ட ஒப்புதலுக்குச் சராசரியாக 523 நாள், அதற்கு மேல் கட்டுமான அனுமதிக்கு 605 நாள். தெருக்களைச் சுத்தமாக வைக்கும் துறையின் தலைவராக இருந்த முகமது நூரு ட்விட்டரில் தன்னை மிஸ்டர் கிளீன் என்று அழைத்துக்கொண்டவர். 2020 ஜனவரியில் எஃப்பிஐ அவரைக் கைது செய்தது. லஞ்ச வழக்கில் ஏழு வருடச் சிறை. இந்த வகைக் குற்றத்துக்கு எங்கள் வரைபடத்தில் புள்ளி கிடையாது.

செசா பூடின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே பெற்றோர் இருவரும் தீவிர இடதுசாரிக் கொள்ளை வழக்கில் சிறை போனவர்கள். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாத குற்றவாளிகளுக்காக அரசு செலவில் வாதாடும் வழக்கறிஞராக இருந்தவர், சிறைகளைக் காலி செய்வேன் என்ற தொனியில் பேசி 2019இல் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னியாக, அதாவது குற்ற வழக்குகளை நடத்தும் தலைமை அரசு வழக்கறிஞராக, சான் பிரான்சிஸ்கோவில் ஜெயித்தார். பதவிக்கு வந்ததும் கொரோனா. போலீஸ்காரர்களைக் கேட்டால், பிடித்துக் கொடுத்தாலும் அவர் விட்டுவிடுவார், எதற்குப் பிடிப்பது என்றார்கள். அவர் தரப்பில் கேட்டால், கார் உடைப்பில் போலீஸ் பிடித்துக் கொடுப்பதே நூற்றுக்கு ஒன்றிரண்டு, எதை நான் விசாரிப்பது என்றார்கள். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். இங்கே ஆட வேண்டியவர்கள் இருவருமே கூடத்தைக் காட்டினார்கள். 2022 ஜூனில் வாக்காளர்கள் சுமார் 55 சதவீத வாக்கில் அவரைப் பாதியிலேயே திருப்பி அனுப்பினார்கள். மறு வருடம் போதை மருந்தால் இறந்தவர்கள் 800ஐத் தாண்டினார்கள், அந்த நகரத்தின் உச்சம். ஆளை மாற்றியதும் தெரு மாறவில்லை.

உண்மையான ஓட்டைகள் மேடைப் பேச்சில் வருவதே இல்லை. கலிஃபோர்னியாவில் கார் உடைப்பைத் திருட்டு நுழைவு என்று நிரூபிக்க, கதவு பூட்டியிருந்தது என்று காட்ட வேண்டியிருந்தது. கண்ணாடி நொறுங்கிக் கிடந்தாலும் போதாது. கார்க்காரர் ஜெர்மனிக்கோ ஒஹையோவுக்கோ திரும்பிப் போயிருப்பார், வந்து யார் சாட்சி சொல்வது? இதைத் திருத்த மாநில செனட்டர் ஸ்காட் வீனர் 2018இலிருந்தே மசோதா கொண்டுவந்துகொண்டிருந்தார். நிறைவேறியது 2024இல்.

முற்போக்காளர்களை இவ்வளவு சொன்ன பிறகு எதிர்த்தரப்பை விட்டால் பாவம். 2021இல் வால்கிரீன்ஸ் என்ற மருந்துக் கடைக் கம்பெனி திருட்டைக் காரணம் காட்டி சான் பிரான்சிஸ்கோவில் ஐந்து கடைகளை மூடியது. 2023 ஜனவரியில் அதே கம்பெனியின் நிதித் தலைவர், கொஞ்சம் அதிகமாகவே அழுதுவிட்டோமோ என்னவோ என்று முதலீட்டாளர்களிடம் சொன்னார். சில்லறை வணிகர்களின் தேசியச் சங்கம் 9,450 கோடி டாலர் இழப்பில் ஏறக்குறைய பாதி கும்பல் திருட்டால் என்று அறிக்கை விட்டு, 2023 டிசம்பரில் அந்த வரியைத் திரும்பப் பெற்றது. 2023 ஏப்ரலில் பாப் லீ என்ற தொழில்நுட்பத் தலைவர் நள்ளிரவில் குத்திக் கொல்லப்பட்டார். பிணம் ஆறுவதற்குள் எலான் மஸ்க் முதல் எல்லோரும் வீடற்றவர்களையும் அரசு வழக்கறிஞர்களையும் திட்டித் தீர்த்தார்கள். பிடிபட்டவர் அவருக்குத் தெரிந்த, அதே துறையைச் சேர்ந்த ஒருவர். திட்டியவர்கள் வேறு விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

நம்மவர்களின் வாட்ஸப் குழுக்களும் சளைத்தவை அல்ல. 2024 ஜூனில் சன்னிவேலில் ஓர் இந்திய நகைக் கடைக்குள் இருபது பேர் சுத்தியலோடு புகுந்து கண்ணாடிப் பெட்டிகளை நொறுக்கினார்கள். அந்த வீடியோ ஒரே நாளில் பல குழுக்களிலிருந்து எனக்கு வந்தது. தாலிச் சங்கிலியை லாக்கரில் வைத்துவிட்டு கவரிங் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போகிற குடும்பங்கள் எனக்குத் தெரியும். அவர்களுடைய பயம் பொய்யல்ல. அவர்களிடம் வரைபடத்தைக் காட்டி, உங்கள் தெருவில் இந்த வருடம் புள்ளியே இல்லை என்று சொன்னால் என்னைத்தான் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

2024இல் எண்கள் உண்மையாகவே விழுந்தன. சான் பிரான்சிஸ்கோவில் அந்த வருடம் 35 கொலைகள். 1960களின் தொடக்கத்துக்குப் பிறகு இவ்வளவு குறைந்ததில்லை. கொலையில் புகார் கொடுக்காமல் விடும் பேச்சில்லை, ஆகவே இதை நானும் நம்புகிறேன். கார் உடைப்பும் பாதிக்கு மேல் குறைந்தது. டிரோன், தூண்டில் கார் என்று மேயர் லண்டன் பிரீட் பெருமையாகச் சொன்னார். நாடு முழுக்கவே குறைந்துகொண்டிருந்தது என்பதைச் சொல்லவில்லை. நவம்பரில் அவரைத் தோற்கடித்து, லீவைஸ் ஜீன்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த டேனியல் லூரியை மேயராக்கினார்கள். அதே வாக்குச்சீட்டில் திருட்டுத் தண்டனையைக் கடுமையாக்கும் 36ஆவது முன்மொழிவு மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் மாநிலம் முழுக்க ஜெயித்தது.

என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் இந்த ஊர் வேண்டாம் என்று போன வருடம் ஆஸ்டினில் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டார். 950 டாலருக்குக் கீழே திருடினால் சிறுகுற்றம் என்பது கலிஃபோர்னியாவின் பைத்தியக்காரத்தனம் என்று கிளம்பும் நாள்வரை திட்டினார். டெக்ஸஸில் அந்த வரம்பு 2,500 டாலர். அவருடைய புது வீடு இருக்கும் டிராவிஸ் கவுண்டியின் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி ஹோசே கார்சா, பூடினின் அதே ரகம், 2024இல் மறுபடியும் ஜெயித்தவர். கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார். போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்றிருக்கிறேன், இதையெல்லாம் கிளப்பாமல்.