மூன்றாவது சிலிண்டர்

மேட்டுப்பாளையத்தில் பட்டறை போட்டு 22 வருடம் ஆகிறது. கார்ப்பரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) வைத்த பழைய வண்டி இப்போது மாதத்துக்கு இரண்டோ மூன்றோதான் வருகிறது. வந்தால் பையன்களிடம் விடுவதில்லை, நானே பார்க்கிறேன். அதிலும் "வண்டியை நிறுத்தினா இன்ஜின் ஆஃப் ஆயிடுது" என்று யாராவது சொல்லிவிட்டால், கையில் இருக்கும் வேலையை அப்படியே வைத்துவிட்டுப் போய்விடுவேன்.

போன ஐப்பசியில் கோத்தகிரியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் 97 மாடல் மாருதி 800 கொண்டுவந்தார். "மூணு இடத்துல காட்டிட்டேன் தம்பி. ஆளாளுக்கு ஒரு ஸ்க்ரூவைத் திருகி விடறாங்க. நாலு நாள் நல்லா ஓடுது, அப்புறம் பழையபடிதான்" என்றார்.

பானட்டைத் திறந்தேன். வண்டி நிற்கும்போது இன்ஜின் எவ்வளவு மெதுவாகச் சுற்ற வேண்டும் என்று வைக்கும் ஐட்லிங் ஸ்க்ரூ பாதிக்கு மேல் உள்ளே போயிருந்தது. நிமிடத்துக்கு ஏறக்குறைய 900 சுற்றில் நிற்க வேண்டிய இன்ஜினை, ஆஃப் ஆகாமல் இருக்க 1,300-க்கு ஏற்றி வைத்திருக்கிறார்கள். நோயை அப்படியே விட்டுவிட்டு முனகலை மட்டும் அமுக்கிய வேலை. ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்ததும் வண்டியின் நிஜ நிலைமை தெரிந்தது. கியர் ராடு நடுங்கியது. டேஷ்போர்டில் ஒட்டியிருந்த பிள்ளையாரும் சேர்ந்து ஆடினார்.

மலை வண்டி என்பதால் முதல் சந்தேகம் மிக்சர் மேல்தான், அதாவது காற்றோடு பெட்ரோல் கலக்கும் அளவு. கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். அங்கே காற்று அடர்த்தி குறைவு, கார்ப்பரேட்டருக்கு அது தெரியாது. பெட்ரோல் கூடிப்போகும். அதனால் அங்கே மிக்சரைக் குறைத்து வைப்பார்கள். கீழே இறங்கினால் அதே வண்டி பெட்ரோல் போதாமல் திணறும். கொஞ்சம் திறந்துவிட்டுப் பார்த்தேன். லேசாகச் சமாளித்தது, ஆட்டம் நிற்கவில்லை.

சரி என்று ரப்பர் பிடி போட்ட பிளேயரால் ப்ளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். முதலாவதைக் கழற்றினால் இன்ஜின் சாகப் பார்த்தது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதைக் கழற்றினேன், சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் மூன்றும் இழுக்கிறது, ஸ்லோவில் (ஐட்லிங்கில்) மட்டும் மூன்றாவது வேலை செய்யவில்லை. மொத்தமே மூன்று சிலிண்டர், அதில் ஒன்று படுத்துவிட்டால் ஆடாமல் என்ன செய்யும்? ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தேன். மற்ற இரண்டும் வெளிர் பழுப்பு, இது மட்டும் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

இந்த இடத்தில் எனக்குப் பழைய கணக்கு ஒன்று ஞாபகம் வந்துவிடும். பட்டறை தொடங்கிய புதிதில், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் ஓம்னி ஒன்று இதே குறையோடு வந்தது. கேஸ் மாட்டிய வண்டி. நான் யோசிக்காமல் கார்ப்பரேட்டரை மாற்றச் சொன்னேன். வண்டிக்காரரும் கடன் வாங்கி மாற்றினார். ஆட்டம் போகவில்லை. அப்புறம் வால்வு கவரைத் திறந்தால், புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வில் இருக்க வேண்டிய இடைவெளியே இல்லை. கேஸில் ஓடி ஓடி, வால்வு உட்காரும் சீட் தேய்ந்து, வால்வு உள்ளே இறங்கி, முழுசாக மூடாமல் நின்றிருக்கிறது. வேகமாகச் சுற்றும்போது கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் சேரும் அழுத்தம்) கசிய நேரம் இருக்காது, மெதுவாகச் சுற்றும்போதுதான் வெளியே ஓடிவிடும். கூலியைத் திருப்பிக் கொடுத்தேன். கார்ப்பரேட்டர் காசைக் கொடுக்க அன்றைக்கு என்னிடம் இல்லை. அந்த மனிதர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை, அது இன்னும் உறுத்துகிறது. அன்றிலிருந்து அழுத்தம் அளக்கும் கேஜ் மாட்டிப் பார்க்காமல் யாரையும் ஒரு பார்ட் வாங்கச் சொன்னதில்லை.

ஆசிரியர் வண்டியில் கம்ப்ரஷன் மூன்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தது. அப்படியென்றால் கோளாறு வால்வில் இல்லை. இன்ஜின் காற்றை உறிஞ்சும் பலத்தை அளக்கும் வேக்கம் கேஜ் மாட்டினேன். நல்ல இன்ஜின் எங்கள் ஊர் உயரத்தில் 17 அங்குலத்துக்கு மேல் காட்டும். இது 14-ல் அசையாமல் நின்றது. வால்வு கோளாறு என்றால் முள் தாளம் போட்டதுபோல் இறங்கி இறங்கி ஏறும். அசையாமல் தாழ்ந்து நின்றால் பெரும்பாலும் எங்கேயோ காற்று நுழைகிறது. ஸ்லோவில், காற்று போகும் வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கும், இன்ஜின் குடிக்கும் காற்றே கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில் திருட்டுக் காற்று சேர்ந்தால் பெட்ரோல் கணக்கு கெட்டுவிடும். வேகத்தில் அது தெரியவே தெரியாது.

துணி தேய்க்கும்போது தண்ணீர் தெளிப்போமே, அந்த பாட்டில் ஒன்று எப்போதும் வைத்திருப்பேன். சிலர் பெட்ரோல் தெளித்துப் பார்ப்பார்கள், சூடான இன்ஜின் மேல் அதை என் பட்டறையில் விடமாட்டேன். கார்ப்பரேட்டர் அடியில் தெளித்தேன், ஒன்றுமில்லை. வேக்கம் ஹோஸ் எல்லாம் பார்த்தாயிற்று. சிலிண்டர்களுக்குக் காற்றையும் பெட்ரோலையும் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்ட் இன்ஜின் ஹெட்டோடு சேரும் இடத்தில், மூன்றாவது சிலிண்டர் பக்கம் தெளித்தேன். 'சர்ர்' என்று தண்ணீரை உறிஞ்சியது. தண்ணீர் அடைத்திருந்த அந்த இரண்டு விநாடி இன்ஜின் அப்படியே அமைதியானது. பிள்ளையாரும் நின்றார். பக்கத்தில் இருந்த பையன் "அண்ணா, இன்னொரு தடவை" என்றான். இன்னொரு தடவை தெளித்தேன்.

கழற்றிப் பார்த்தால், யாரோ முன்னால் ஒருமுறை பிரித்துவிட்டுப் இரண்டுக்கும் நடுவில் காற்று புகாமல் அடைக்கும் பழைய பேக்கிங்கையே பேஸ்ட் தடவி ஒட்டியிருக்கிறார்கள். மூன்றாவது துளை ஓரத்தில் நக அகலத்துக்கு விரிசல். புது பேக்கிங், நட்டெல்லாம் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சீராக முறுக்கு, ப்ளக்குக்குப் பொறி அனுப்பும் பாயின்ட்டின் இடைவெளி, பொறி விழும் டைமிங், கடைசியாகத்தான் ஐட்லிங் ஸ்க்ரூ. வண்டி மேலே ஓடப்போவது என்பதால் மிக்சரைக் கொஞ்சம் குறைத்தே வைத்தேன்.

மறுநாள் காலை ஆசிரியர் போன் செய்தார். "வண்டி ஸ்டார்ட்லதான் இருக்கு தம்பி" என்றார். "போனை பானட் பக்கத்துல பிடிங்க சார்" என்றேன். மூன்றும் அடிக்கிற சத்தம் கேட்டது. சத்தம் கொஞ்சம் கனமாக இருந்ததால் புகையில் பெட்ரோல் வாசம் வருகிறதா என்று கேட்டேன். லேசாக வருகிறது என்றார். அடுத்த முறை நான் மேலே வரும்போது மிக்சரைக் கால் திருகு குறைத்துத் தருகிறேன், அதுவரை யாரையும் தொட விடாதீர்கள் என்று சொல்லி வைத்தேன்.