ஒரு சீலுக்காக ஊழியர் ஐக்கியத்துக்கு நடந்த நடை

கடைசியில், எங்கள் பக்கத்துப் பாஸ்டர்கள் சேர்ந்திருக்கும் ஊழியர் ஐக்கியத்தின் கடிதத்தில் சீல் விழுந்துவிட்டது. கொஞ்சம் சாய்ந்து, ஓரத்து எழுத்து பதியாமல், ஊதா நிறத்தில். அந்த ஒரு சீலுக்கு மூன்று நடை, மூன்று வருடச் சந்தா, முழுசாக ஒரு திங்கட்கிழமை, அப்புறம் ஒரு தடவை கை தூக்கியது, இவ்வளவும் செலவு. சந்தா போனது கூடப் பரவாயில்லை. கை தூக்கியதுதான் இன்னும் உறுத்துகிறது.

நான் உச்சிப்புளிப் பக்கம் கடற்கரையில் ஒரு சின்ன பெந்தெகொஸ்தே சபை நடத்துகிறேன். சாதாரண ஞாயிறு என்றால் நாற்பது பேர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்குப் போகிறவர்களும் கரையில் இருப்பார்கள், அதனால் பாய் பத்தாது. காணிக்கைப் பையைக் கொட்டினால் மட்டும் பத்து ரூபாய்த் தாள்களாக விழும்.

கடிதம் எதற்கு என்றால், கல்யாண லைசென்ஸுக்கு. ஊழியத்தில் இருக்கிறவர்களுக்கு இது தெரியும், தெரியாதவர்களுக்காக ஒரு வரி: இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் 1872-ஆம் வருடத்தது. பிஷப் கையால் பட்டம் வாங்கிய சி.எஸ்.ஐ. ஐயருக்கும் கத்தோலிக்கச் சாமியாருக்கும் சட்டமே அதிகாரம் கொடுத்துவிடுகிறது, நம்மைப் போன்ற தனிச் சபைக்காரர்கள் அரசாங்கத்திடம் லைசென்ஸ் வாங்க வேண்டும். அதிகாரமில்லாமல் நடத்தி வைத்தால் பத்து வருடம் வரை சிறை என்கிறது 68-ஆம் பிரிவு. இதுவரை லைசென்ஸ் உள்ள பக்கத்து ஊர் பாஸ்டர் ஒருவர் வந்து என் சபைப் பிள்ளைகளுக்கு நடத்தி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். போன வருடம் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டார். சபையில் ஒரு பெண்ணுக்கு நிச்சயம் முடிந்திருக்கிறது. சரி, நாமே எழுதிப் போடுவோம் என்று விசாரித்தால், என்னிடம் கேட்ட காகிதங்களில் ஒன்று, நான் சேர்ந்திருக்கும் ஊழியர் அமைப்பின் பரிந்துரைக் கடிதம்.

மற்ற காகிதமெல்லாம் இரண்டே நாளில் சேர்ந்துவிட்டது.

முதல் நடை, ஐக்கியத்தின் செயலாளர் வீட்டுக்கு. போனில் "வாங்க தம்பி" என்று சொன்ன மனிதர், நான் போய்ச் சேர்ந்தபோது திருநெல்வேலியில் ஏதோ கன்வென்ஷன் மேடையில் இருந்தார். பாஸ்டரம்மா காபி கொடுத்து ஜெபம் பண்ணி அனுப்பினார்கள். இரண்டாவது நடையில் ஆள் இருந்தார், ஆனால் காரியம் நடக்கவில்லை. எனக்கு மூன்று வருடச் சந்தா பாக்கியாம். கட்டுகிறேன் என்றால், பணம் வாங்கி ரசீது போட வேண்டியவர் பொருளாளர், அவர் தொண்டியில் இருக்கிறார். கையெழுத்துப் போட வேண்டியவர் தலைவர், அவர் ஊழியப் பயணத்தில் இருக்கிறார். சீல் மட்டும் இவரிடம் இருக்கிறது. "மூணு பேரும் ஒரே இடத்துல இருக்கிறது பொதுக்குழு அன்னைக்குத்தான் பாஸ்டர். நீங்களும் ஐக்கியத்துக்கு வந்து ரொம்ப நாளாச்சே" என்றார். கடைசி வாக்கியத்தில்தான் விஷயம் இருந்தது.

ஏன் போகாமல் இருந்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். என் தாத்தா தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னார் போனவர். 1924-ல் இலங்கையில் தொடங்கிய பெந்தெகொஸ்தே சபையில் இரட்சிக்கப்பட்டு, ஒரு வெள்ளை வேட்டியும் வேதப்புத்தகமுமாகத் திரும்பி வந்தார். பொன் ஆகாது, பட்டம் ஆகாது, பேருக்கு முன்னால் ஒன்றும் போடக்கூடாது என்று வளர்ந்த வீடு. இங்கே கூட்டத்துக்குக் கூட்டம் பிளெக்ஸில் ரெவரெண்ட், டாக்டர், பிஷப், அப்போஸ்தலர் என்று கூடிக்கொண்டே போகிறது. விசுவாசி பூமாலை போட்டுக்கொண்டால் கண்டிக்கிறோம், நமக்குப் பொன்னாடை போட்டால் குனிந்து கொடுக்கிறோம். நானும் குனிந்தவன்தான், வீட்டில் நாலு பொன்னாடை இருக்கிறது.

பொதுக்குழு ராமநாதபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில். ஒன்பதரைக்கு என்று போட்டிருந்தார்கள், பதினொன்றே காலுக்கு ஆரம்பித்தது. வாசலில் மேஜை போட்டு மினிட்ஸ் புத்தகத்தில் கையெழுத்து வாங்கினார்கள், கையெழுத்துப் போட்டால்தான் பிரியாணி டோக்கன். போகிறவர்கள் இதைக் கவனியுங்கள்: நான் கையெழுத்துப் போட்ட பக்கத்துக்கு முந்தைய இரண்டு பக்கமும் வெள்ளையாக இருந்தது. "இது எதுக்கு பிரதர்?" என்று மேஜையில் இருந்த வாலிபனைக் கேட்டேன். "தீர்மானம் எழுதறதுக்கு ஐயா" என்றான், கொஞ்சமும் ஒளிக்காமல். முதலில் கையெழுத்து, பிறகு தீர்மானம். நான் 58-ஆம் ஆள்.

ஆராதனை நன்றாகத்தான் இருந்தது. பாம்பன் பக்கத்து ஊழியர் ஒருவர், இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டுபோன பிள்ளைகளுக்காக மைக் இல்லாமல் ஜெபித்தார். அலங்காரமாக ஒன்றும் சொல்லவில்லை, பையன்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொன்னார், நடுவில் ஒரு பெயர் மறந்துபோய், பக்கத்தில் இருந்தவரைக் கேட்டுச் சொன்னார். மண்டபம் முழுக்க அழுதது, நானும் அழுதேன். அந்தப் பத்து நிமிடத்துக்காக இந்த ஐக்கியம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது. அதற்குப் பிறகு தலைவர் கார்ட்லெஸ் மைக்கை வாங்கினார், எக்கோவைக் கூட்டச் சொன்னார்.

சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி நிர்வாகக் குழுவுக்கு மூன்று வருடம்தான் ஆயுள், அப்புறம் மறுபடி தேர்ந்தெடுக்க வேண்டும். அதனால்தான் தேர்தல் என்று ஒன்று நடக்கிறது, யாரும் ஆசைப்பட்டு நடத்துவதில்லை. பழைய பட்டியலையே செயலாளர் வாசித்தார். இரண்டு இரவு உபவாசித்து ஜெபித்ததில் ஆவியானவர் இதே பெயர்களை உறுதிப்படுத்தினார் என்றார். பொருளாளர் பெயரைக் கூட உறுதிப்படுத்தியிருந்தார், கணக்கு வாசிப்பது மட்டும் நேரமில்லாமல் அடுத்த கூட்டத்துக்குப் போய்விட்டது.

அப்போது சாயல்குடிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் எழுந்தார். மைக் கேட்டார், கொடுக்கவில்லை, அப்படியே பேசினார்.

"ஐயா, யூதாஸ் இடத்துக்கு மத்தியாவைச் சீட்டுப் போட்டுத்தான எடுத்தாங்க? நாமளும் ஆளுக்கொரு சீட்டுல எழுதிப் போடுவோமே."

தலைவர் சிரித்தார். "அது அப்போஸ்தலர் நடபடிகள் முதலாம் அதிகாரம் ஐயா, ஆவியானவர் இறங்குறதுக்கு முன்னால. பெந்தெகொஸ்தே நாளுக்கு அப்புறம் சபையில எங்கயாவது சீட்டுப் போட்டாங்களா?" மண்டபத்தில் ஒரே ஸ்தோத்திரம். நல்ல பதில்தான், வேதாகமக் கல்லூரியில் சொல்லிக்கொடுப்பதும் இதுதான்.

பெரியவர் உட்காரவில்லை. "சரி ஐயா, ஆறாம் அதிகாரம் அப்புறம்தான வருது? பந்தி விசாரிக்க அந்த ஏழு பேரைத் தெரிஞ்செடுத்தது அப்போஸ்தலரா, சபையா?"

இதற்குப் பதில் வரவில்லை, கீபோர்டு வந்தது. மேடையிலிருந்து யாரோ சாடை காட்ட, பையன் மெதுவாக ஒரு நீண்ட சுரத்தைப் பிடித்தான். தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். "நாம் வாக்குவாதம் பண்ண வரவில்லை. எல்லாரும் கரங்களை உயர்த்தி, கர்த்தர் ஏற்படுத்தின இந்தக் குழுவுக்காக அவரைத் துதிப்போம்!"

எங்கள் ஆட்களுக்குக் கரங்களை உயர்த்துங்கள் என்றால் போதும், காலையில் பல் விளக்குவது மாதிரி அது தானாக நடக்கும். மண்டபம் முழுக்கக் கை. செயலாளர் எழுதிக்கொண்டார்: ஏகமனதாக. அந்த நேரத்தில் என் பையில் சந்தா ரசீது இருந்தது, கடிதம் டைப் ஆகியிருந்தது, சீல் விழவில்லை. நான் துதிக்கத் தூக்கினேனா, ஓட்டுக்குத் தூக்கினேனா என்று யாராவது கேட்டால் துதிக்கத்தான் என்று சொல்லித் தப்பிக்கலாம். எனக்குத் தெரியும். பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

சாப்பாட்டுக்குப் பிறகு செயலாளரைப் பிடித்தேன். இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை, பிரியாணி முடிந்தால் பாதி மேடை காணாமல் போய்விடும், அதனால் கை கழுவும் இடத்திலேயே நிற்க வேண்டும்.  கடிதத்தில் என் இனிஷியல் தப்பு. மறுபடி டைப் அடித்துவிட்டு வாருங்கள் என்று செயலாளர் சொல்லப்போனார், நான் பென் டிரைவை எடுத்து நீட்டினேன், சரியான பிரதி ஒன்றையும் வீட்டிலேயே பிரிண்ட் எடுத்து வைத்திருந்தேன். இரண்டு நடை வீணானவனுக்கு வருகிற புத்தி. லெட்டர்ஹெட் இரண்டு கேட்டு வாங்கியதும் அதனால்தான். தலைவர் கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே அந்தப் பிரதியில் கையெழுத்துப் போட்டார்.

செயலாளர் வேதப்புத்தக உறையின் ஜிப்பைத் திறந்து, சங்கீதத்துக்கும் நீதிமொழிகளுக்கும் நடுவில் எங்கோ கிடந்த சீலை எடுத்தார். இங்க் பேட் காய்ந்து கிடந்தது. சீலை வாய்க்கு அருகில் கொண்டுபோய் ஹா என்று மூன்று தடவை ஊதி, என் கடிதத்தில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினார். தூக்கிப் பார்த்தார், ஓரம் பதியவில்லை. "போதும் தம்பி, பேரு தெரியுது" என்றார்.

கடிதம் கொடுக்கப் போகிறவர்கள் புது நிர்வாகக் குழு பதிவாளரிடம் பதிவான நகல் ஒன்றையும் இப்போதே கேட்டு வையுங்கள், என்னிடம் கேட்கவில்லை, உங்களிடம் கேட்கலாம். சந்தாவுக்கு ரசீது வாங்காமல் நகராதீர்கள். லைசென்ஸ் கைக்கு வருவதற்குள் கல்யாணத் தேதி வந்துவிட்டால் ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட் என்கிற தனித் திருமணச் சட்டத்தில் முப்பது நாள் நோட்டீஸ் கொடுத்துப் பதியலாம், பெண் வீட்டாரிடம் அதையும் சொல்லி வைத்திருக்கிறேன். விண்ணப்பம் போன புதன்கிழமை கொடுத்தாயிற்று.

பொதுக்குழு முடிந்த அன்றைக்குப் புது பஸ் ஸ்டாண்டில் பெரியவர் தனியாக நின்றிருந்தார். நான் கூட்டத்துக்குள் ஒதுங்கப் பார்த்தேன், பார்த்துவிட்டார். கையில் இருந்த கவரைப் பார்த்தார்.

"சீல் வாங்கிட்டியா தம்பி?"

"வாங்கிட்டேன் ஐயா."

"நல்லது" என்றார். சாயல்குடி பஸ்தான் முதலில் வந்தது.