திரும்பி வராத ஜாம் போத்தல்கள்

"பக்டரிக்குப் போட்டு வாறன்" என்று நான் வெளிக்கிட்டால் அம்மாவுக்குச் சிரிப்பு வரும். பக்டரி என்றால் அவவுக்குக் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைதான். புகைபோக்கி வேண்டும், சங்கு ஊத வேண்டும். எங்களுடையது கிடுகு வேய்ந்த கொட்டில். மூன்று அடுப்பு, இரண்டு கிடாரம், பதினொரு பெண்கள்.

1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியதும் மின்சாரம் நின்றது, கொழும்புக்கு ஓடின யாழ்தேவி ரயில் நின்றது, சீமெந்து ஆலையும் நின்றது. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை அதற்கு முன்பே படுத்துவிட்டது. ஆண்கள் மாதச் சம்பளம் எடுத்த இடங்களெல்லாம் பூட்டுப்பட்ட அந்த நேரத்தில்தான் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் வீட்டுக் கோடிகளில் இப்படிக் கொட்டில்கள் முளைத்தன. கொழும்புக்கு லொறி போகாததால் முந்திரிகைப்பழம் (திராட்சை) கொடியிலேயே வாடிக்கொண்டிருந்தது. எங்கள் முதலாளி ஐயா, பென்சன் எடுத்த ஒரு கந்தோர்க்காரர், அதைக் கண்டு மனம் பொறுக்காமல் இதில் இறங்கினவர். முந்திரிகை ரசம், மாம்பழ ஜாம், விளாம்பழ ஜாம். வேலைக்கு ஆம்பிளையள் இல்லை. வெளிநாடு, கொழும்பு, இயக்கம். சிலர் உயிரோடேயே இல்லை. ஏ.எல். பெறுபேறு பல்கலைக்கழகத்துக்குக் காணாமல் வீட்டில் இருந்த என்னைப் போன்றவர்களும், பிள்ளைகளோடு தனித்துப்போன அக்காமாரும்தான் வந்தோம்.

விளாம்பழம் நல்ல பழம். தானாகவே இறுகும். ஆனால் கோதை உடைத்து, களியை வழித்து, தண்ணீர் விட்டுக் கரைத்து, விதையும் தும்பும் போக வடிக்கிறதற்குள் கை மரத்துவிடும். பிறகு சீனி. அது பருத்தித்துறைக்குக் கப்பல் வந்தால்தான். கப்பல் பிந்தினால் விலை ஏறும், எங்களுக்கு வேலை இறங்கும். பதம் பார்க்க ஒரு வெப்பமானி இருந்தது. நான் சேர்ந்த இரண்டாம் மாதமே உடைந்தது. உடைத்தது நான்தான். அதற்குப் பிறகு எங்களோடு வேலை செய்த பெரியக்காவின் கண்தான் வெப்பமானி. பச்சைத்தண்ணீரில் ஒரு துளி விட்டு, கரையாமல் உருண்டு நின்றால், "இறக்குங்கோ" என்பா. ஒரு தடவையும் பிழைத்ததில்லை.

எங்களுக்கு உண்மையான தலையிடி போத்தல். ஜாமைத் தின்று முடித்தவர்கள் போத்தலைத் திருப்பித் தந்தால் காசு குறைப்போம் என்று ஐயா அறிவித்தார். ஒருவரும் தரவில்லை. எப்படித் தருவார்கள்? ஊரே ஜாம் போத்தல் விளக்கில்தான் இருந்தது. அடியில் பஞ்சை வைத்து, அது நனைகிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, சைக்கிள் ரியூப் வால்வுக்குள் திரியைக் கோத்து நடுவில் நிறுத்தினால், போத்தலே சிமினி. நெருப்பு விலை விற்ற மண்ணெண்ணெயில் கொஞ்சத்தை வைத்துப் பிள்ளைகள் இரவிரவாகப் படித்தார்கள். சனம் ஜாமுக்காக வாங்கியதா, போத்தலுக்காக வாங்கியதா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். மூடியைச் சுற்றி மெழுகு ஊற்ற முடியாது, அரசாங்கத்தின் பொருளாதாரத் தடையில் மெழுகுதிரியும் அடக்கம். லேபிளை ரூல் போட்ட கொப்பித்தாளில் அடித்து, கோதுமைமாப் பசையால் ஒட்டினோம். மாவுக்குக் கரப்பான் வந்து எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும்.

ஒரு நாள் முற்பகல், கிடாரம் நிறைய மாம்பழக் களி கொதிக்கிற நேரம் குண்டு போடுகிற பொம்மர் வந்து சுத்தத் தொடங்கியது. எல்லோரும் பங்கருக்குள் ஓடினோம். பெரியக்கா வரவில்லை.

"அக்கா, வாங்கோ!"

"நீங்கள் போங்கோ பிள்ளை. அடிப்பிடிச்சிடும்."

பங்கர் வாசலில் இருந்து பார்க்க, அடுப்புக்குள் இருந்த பனம்மட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்து மண்ணில் தேய்த்து அணைத்தா. பிறகு துடுப்பை எடுத்து நிதானமாகக் கிண்டினா. தூரத்தில் எங்கோ விழுந்தது. கொட்டிலின் கிடுகில் இருந்து தூசி கிடாரத்துக்குள் கொட்டியது. திரும்பி வந்த எங்களிடம் அவ சொன்னது ஒன்றுதான்: "மேலால ஆடையை வழிச்சு எடுங்கோ." அன்றைக்குச் சரியான கோபம் எனக்கு. ஒரு கிடாரம் ஜாமுக்காக உயிரை விடுகிறதா? அவவுக்கு மூன்று பிள்ளைகள், எங்களுக்கு நாட்கூலி, கிடாரம் பழுதானால் அன்றைக்கு ஒருவருக்கும் கூலி இல்லை என்பதை வீட்டுக்குப் போகிற வழியில்தான் கூட்டிப் பார்த்தேன்.

1995 ஒக்டோபர் 30, மழை இரவு, வலிகாமமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது கிடாரங்களைக் கிணற்றடியில் கவிழ்த்துவிட்டுப் போனோம். அடுத்த வருடம் திரும்பி வர ஒன்றும் இல்லை. ஐயா இரண்டு புதுக் கிடாரம் வாங்கினார். ஐந்து பேர் சேர்ந்தோம். பெரியக்கா வன்னியில் தங்கிவிட்டா. பதம் பார்க்கிற வேலை என்னிடம் வந்தது. நான் இரண்டு தடவை பிழைவிட்டேன்.

2002இல் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கிற ஏ9 பாதை திறந்தது. கோயிலுக்கு நேர்ந்து கேட்ட பாதை அது. லொறி லொறியாகச் சாமான் வந்தது. எங்கள் ஜாமைவிட விலை குறைவு, போத்தலும் வடிவு. தடைதான் எங்களுக்கு வேலியாக இருந்திருக்கிறது என்று அப்போதுதான் விளங்கியது. ஆனால் தடை திரும்ப வரட்டும் என்று எந்த வாயால் சொல்வது? ஐயா ஆறு மாதம் இழுத்துப் பார்த்துவிட்டு அடுப்பை அணைத்தார். கடைசிக் கூலியோடு ஆளுக்கு இரண்டு போத்தல் விளாம்பழ ஜாம் தந்தார்.

அந்தக் கிழமை அக்காவின் மகளோடு கடைக்குப் போனேன். தட்டில் சிவப்புச் சிவப்பாய் ஸ்ட்ரோபெரி ஜாம் அடுக்கியிருந்தது. "சித்தி, இது வாங்குவமா?" என்றாள். வாங்கினேன். மூடியைத் திறந்து, ஒரு துளியைப் பச்சைத்தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். உருண்டு நின்றது.