ஆபீஸ்ல பிப்ரவரி 14

எங்க பெங்களூரு ஆபீஸ்ல இந்த தடவ காதலர் தினத்துக்கு எல்லாருக்கும் ஒரே மாதிரி ஒரு பூ, ஒரு சாக்லேட்னு முடிவு பண்ணிருக்கோம், ஹவுஸ்கீப்பிங் அக்காங்க, செக்யூரிட்டி அண்ணன் எல்லாரையும் சேத்துதான். பூ கே.ஆர். மார்க்கெட்ல வாங்கிக்கலாம், ஓசூர் பக்கத்து தாஜ்மஹால் ரோஜா பாக்க அவ்ளோ அழகு, நீளத் தண்டு, அடர் சிவப்பு, ஆனா ஆபீஸுக்கு சிவப்பு வேணாம் மஞ்சள் எடுங்கன்னு நான்தான் பிடிவாதமா சொன்னேன்.

ஏன்னா முன்னாடி வேலை பாத்த இடத்துல ஒரு சீனியர் ஒரு பொண்ணோட டேபிள்ல பெரிய டெடி வெச்சாரு, சுத்தி நின்னு எல்லாரும் கைதட்டுறாங்க, அவ மானிட்டர விட்டு கண்ணையே எடுக்கல, கீபோர்டுல கை மட்டும் நடுங்கிட்டு இருந்துச்சு. எனக்கு இன்னமும் மனசு ஆறல.

பொண்ணுங்களுக்கு ஒண்ணு சொல்றேன், வேலை இடத்துல பொண்ணுங்களுக்கு நடக்குற பாலியல் தொந்தரவுக்கு எதிரான 2013 சட்டப்படி 10 பேரும் அதுக்கு மேலயும் வேலை பாக்குற எந்த ஆபீஸ்லயும் இந்தப் புகார விசாரிக்க இன்டர்னல் கமிட்டி இருந்தே ஆகணும், யாராவது தொந்தரவு பண்ணா 3 மாசத்துக்குள்ள எழுதிக் குடுங்க, தயங்காதீங்க.

விருப்பமில்லாதவங்கள பூ வாங்கிக்கச் சொல்லியோ போட்டோவுக்கு நிக்கச் சொல்லியோ கட்டாயப்படுத்தாதீங்க மக்களே.