சுறாப்பல் தேடி மூன்று முறை மரக்காணம்

ஊத்தங்கரைக்காரனுக்கு ஏன் சுறாப்பல் ஆசை என்று வீட்டில் கேட்காத ஆள் இல்லை. எங்கள் பக்கம் எங்கே தோண்டினாலும் பழைய கருங்கல்தான். அது உருவான காலத்தில் பல் முளைத்த பிராணி எதுவும் உலகத்தில் கிடையாது. ஆகவே செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் என்று பஸ் மாறி மரக்காணம் கடற்கரைக்குப் போக வேண்டியிருக்கிறது.

முதல் தடவை காய்ந்த மணலில் நாலு மணி நேரம் அலைந்து ஒரு டப்பா நிறையக் கறுப்பு முனைகளைப் பொறுக்கினேன். வலை பிரித்துக்கொண்டிருந்த அக்கா எட்டிப் பார்த்து, "தம்பி, இதெல்லாம் நண்டுக் கொடுக்கு" என்றார். ஒன்றை உடைத்தால் உள்ளே வெறும் கூடு. சுறாப்பல்லில் மேல்பாதி கண்ணாடி மாதிரி பளபளக்கும், அடியில் இருக்கும் வேர் எலும்பு போல மங்கலாகச் சொரசொரக்கும். இந்த இரண்டும் ஒட்டியிருந்தால்தான் இப்போது கையில் எடுக்கிறேன்.

இரண்டாம் தடவை அம்மாவின் ராகி மாவுச் சல்லடையைக் கொண்டுபோனேன். ஈர மணல் அடைத்துக்கொண்டு அது ஒன்றுக்கும் உதவவில்லை (திட்டு தனி). அப்புறம் அலை பின்வாங்கும் இடத்தில் கிளிஞ்சலும் பொடிக்கல்லும் வரிசையாக ஒதுங்கும் பட்டையில் குனிந்தே நடந்ததில் ஒன்று கிடைத்தது: வெள்ளை, முக்கோணம், ஓரத்தில் ரம்பம். வெள்ளை என்றால் பெரும்பாலும் சமீபத்தில் விழுந்தது. சுறாவுக்கு ஆயுள் முழுக்கப் பல் விழுந்து முளைத்துக்கொண்டே இருக்கும், எலும்புக்கூடோ குருத்தெலும்பு, அது எளிதில் மக்கிப் பல்தான் மிஞ்சும். மண்ணுக்குள் வெகுகாலம் கிடந்து தாது ஏறினால் கறுக்கும், ஆனால் நிறம் கிடந்த மண்ணைப் பொறுத்தது என்பதால் அதை வைத்து வயது சொல்ல முடியாது.

மூன்றாம் தடவை கிடைத்தது ஊசி போல ஒல்லியானது. வேறு இனம் என்று தனி டப்பாவில் போட்டு, பேரும் எழுதி ஒட்டினேன். பிறகுதான் படித்தேன், பல சுறாக்களுக்கு மேல்தாடைப் பல் அகலமாக அறுக்கும்படியும் கீழ்தாடைப் பல் ஒல்லியாகக் குத்திப் பிடிக்கும்படியும் இருக்குமாம். என் இரண்டு 'இனங்களும்' ஒரே வாய்க்குள் இருந்திருக்கலாம். புலிச்சுறா மட்டும் இதில் சுலபம், இரண்டு தாடையிலும் சேவல் கொண்டை போல ஒரு பக்கம் சாய்ந்து, பள்ளத்தோடு இருக்கும். அது எனக்கு இன்னும் மாட்டவில்லை.

சரி, ஒட்டிய பேரைக் கிழித்துவிட்டு இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டாயிற்று. அடுத்தது அமாவாசையை ஒட்டி, கடல் கூடுதலாக உள்வாங்கும்போது, ஜல்லி சலிக்கிற பெரிய கண் வலையோடு.