மூன்றாவது சரணம்

காதில் ஹெட்போன், கண்ணெதிரே எக்செல். எட்டு வருடங்களாக என் வேலை இதுதான். வெளிநாட்டு இசை வெளியீட்டாளர்களுக்காகப் பாட்டு விவரங்களைச் சென்னையில் உட்கார்ந்து சரிபார்க்கிறோம். எங்கோ ஒரு பாட்டு ஒலித்தால் அதற்கான பணம் யாருக்குப் போக வேண்டும் என்பது இந்தக் கட்டங்களில் இருக்கும் பெயரைப் பொறுத்தது.

சேர்ந்த இரண்டாவது மாதம் ஒரு தப்புச் செய்தேன். ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ என்ற தலைப்பில் எக்செலில் முந்நூற்றுச் சொச்சம் வரிகள் வந்திருந்தன, வரிக்கு ஒரு பதிவு. பியானோவில் வாசித்தது, கரோக்கி, எழுத்துப்பிழையோடு ஏற்றியது என்று எல்லாம் கலந்து கிடந்தது. பாதிக்கு மேல் ‘எழுதியவர்’ கட்டம் காலி. அமெரிக்கப் பாடகி விட்னி ஹூஸ்டன் பாட்டுதானே என்று அவர் பெயரைப் போட்டுக் கடைசி வரி வரை இழுத்துவிட்டேன்.

மறுநாள் எங்கள் குழுவைக் கவனித்துக்கொண்டிருந்த அக்கா கூப்பிட்டார். திட்டவில்லை. “பாட்டு வேற, ரெக்கார்டிங் வேற தம்பி. இப்படியே போச்சுன்னா எழுதினவங்க பணம் சஸ்பென்ஸ்ல போய் உட்கார்ந்துக்கும்” என்றார். பெயர் பொருந்தாத பணத்தை யாருக்கும் கொடுக்காமல் நிறுத்திவைக்கும் கணக்குதான் சஸ்பென்ஸ். ஒவ்வொரு ரெக்கார்டிங்குக்கும் 12 எழுத்துகள் கொண்ட ஐஎஸ்ஆர்சி எண் தனித்தனியாக உண்டு. பாட்டுக்கு, ‘டி’யில் தொடங்கும் ஐஎஸ்டபிள்யூசி எண் ஒன்றே ஒன்று. ஆயிரம் பேர் பாடினாலும் அது மாறாது. இதையெல்லாம் சொல்லிவிட்டுத் தன் ஹெட்போனை என் காதில் மாட்டினார்.

மெல்லிய கிடார். மிரட்டாத ஒரு பெண் குரல். மூன்றாவது சரணம் வந்ததும் அந்தக் குரல் பாடுவதை நிறுத்திவிட்டுப் பேசத் தொடங்கியது. வாசலில் நின்று விடைபெறுகிற ஒருவர், நீ நல்லா இருக்கணும் என்று சொல்வது போல இருந்தது. அமெரிக்கப் பாடகி டாலி பார்ட்டன். எழுதியவர் அவர்தான்.

1967-இலிருந்து, அமெரிக்க நாட்டுப்புறப் பாணியான கன்ட்ரி இசைப் பாடகர் போர்ட்டர் வேகனரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாடிவந்தவர் டாலி. தனியாகப் போக நினைத்தார், வேகனர் விடுவதாக இல்லை. வாதாடிப் பயனில்லை என்று இந்தப் பாட்டை எழுதிப் போய்ப் பாடிக் காட்டினார். 1974-இல் வெளியாகி கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது. 1982-இல் அவரே மறுபடி பாடினார், மறுபடி முதலிடம்.

நடுவில் ராக் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி பாடியிருக்க வேண்டியது. எல்விஸ் பாட வேண்டுமானால் வெளியீட்டு உரிமையில் பாதி தர வேண்டும் என்றார் அவருடைய மேலாளர் டாம் பார்க்கர். டாலி மறுத்துவிட்டார். அன்று இரவெல்லாம் அழுததாகப் பிற்பாடு சொல்லியிருக்கிறார். எல்விஸே கேட்டும் தன் கட்டத்தை விட்டுக்கொடுக்காதவரின் பெயரை நான் ஒரே இழுப்பில் அழிக்கப் பார்த்திருக்கிறேன். எனக்கு உடம்பே கூசியது.

அப்புறம்தான் ‘தி பாடிகார்ட்’ படம், 1992. அதில் விட்னியோடு நடித்த கெவின் காஸ்ட்னர் இந்தப் பாட்டைக் கொண்டுவந்தார், வாத்தியமே இல்லாமல் தொடங்க வேண்டும் என்றும் பிடிவாதம் பிடித்தார். இசைத் தயாரிப்பாளர் டேவிட் ஃபாஸ்டர் கையில் இருந்தது பாடகி லிண்டா ரான்ஸ்டட் 1975-இல் பாடியது. அதில் மூன்றாவது சரணம் கிடையாது. டாலியிடம் பேசியபோதுதான் இன்னொரு சரணம் இருப்பதே ஃபாஸ்டருக்குத் தெரிந்தது. டாலி பேசிய அந்த வரிகளை விட்னி பாடினார். பாடி முடித்து ஒரு மௌனம், ஒரே ஒரு டிரம் அடி, சுருதி மேலே ஏறுகிறது. எத்தனை தடவை கேட்டாலும் அந்த இடத்தில் என் விரல் கீபோர்டில் நின்றுவிடும். அமெரிக்காவில் 14 வாரம் முதலிடத்தில் இருந்த பதிவு அது. கார் ஓட்டிக்கொண்டிருந்த டாலி வானொலியில் அதைக் கேட்டதும் வண்டியை ஓரங்கட்டிவிட்டாராம்.

விட்னியின் குரல் இல்லாமல் இந்தப் பாட்டு உலகம் சுற்றியிருக்காது. 2012-இல் அவருடைய சவப்பெட்டியைத் தேவாலயத்திலிருந்து தூக்கிச் சென்றபோதும் அந்தக் குரல்தான் ஒலித்தது. அவருக்குரிய கட்டம் ‘பாடியவர்’. பக்கத்துக் கட்டம் டாலியுடையது. அதில் வந்த பணத்தில் நாஷ்வில்லில் அப்போது கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதியில் ஒரு கட்டடத்தை வாங்கினார். விட்னியை நினைத்துத்தான் அங்கே வாங்கியதாகச் சொன்னார்.

அந்த முந்நூற்றுச் சொச்சம் வரிகளையும் ஒவ்வொன்றாகக் கேட்டுத் திருத்த எனக்கு நான்கு நாள் பிடித்தது. தலைப்பு மட்டும் ஒன்றாக இருந்து பாட்டே வேறாக இருந்தவையும் சில உண்டு. கேட்காமல் கண்டுபிடித்திருக்க முடியாது.

இப்போதும் இந்தப் பாட்டின் புதிய பதிவு வந்தால் நேராக மூன்றாவது சரணத்துக்குப் போவேன். பெரும்பாலானவர்கள் விட்னி வழியில் பாடுவார்கள். சிலர் விட்டுவிடுவார்கள். போன வாரம் ஒன்று வந்தது. ஒரு பெண், ஒரு கிடார், பின்னால் மின்விசிறிச் சத்தம். மூன்றாவது சரணத்தில் அந்தப் பெண் பாடுவதை நிறுத்திவிட்டுப் பேசினாள். ‘எழுதியவர்’ கட்டத்தைப் பார்த்தேன். டாலி பார்ட்டன் என்று அவளே சரியாக எழுதி அனுப்பியிருந்தாள்.